கால் நைனா!

போன வருஷம் புது கார் வாங்கினேன். பழைய கார் பதினோரு வருஷம் மாடாய் உழைத்துவிட்டு, மிச்சிகன் குளிரில் ஒருநாள் காலை 'போதும்டா சாமி' என்று படுத்துவிட்டது. புது காரில் எல்லாமே வாயால் சொன்னால் நடக்கும் என்றார் கடைக்காரர். ஏசி, பாட்டு, போகும் வழி, போன் எல்லாமே. ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான். அழுத்தினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் நாம் பேச வேண்டியதுதான்.

பேசினேன். "கால் நைனா."

எங்கள் ஊரில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊர் கோலார் தங்கவயல், சுருக்கமாக கேஜிஎஃப். கர்நாடகத்தில் இருக்கிறது, ஆனால் பேச்சு வடாற்காட்டுத் தமிழ். கார் ரொம்ப மரியாதையாக ஆங்கிலத்தில் பதில் சொன்னது: "நைன். அடுத்த எண்ணைச் சொல்லவும்."

மறுபடி சொன்னேன். மறுபடியும் நைன். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "மன்னிக்கவும், புரியவில்லை." ஏசியை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, பாட்டை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பங்குக்கு வழி காட்டட்டுமா என்று கேட்டது. தங்கமணி சிரிக்க ஆரம்பித்தாள். பின்சீட்டில் இருந்த மகள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், போனிலிருந்து தலையைத் தூக்காமல் 'நை'யை இழுத்து, 'னா'வை விழுங்கி, ஒரு மாதிரி அமெரிக்க நைனாவைச் சொன்னாள். உடனே போன் போட ஆரம்பித்துவிட்டது சனியன்.

அன்று ராத்திரி நான் ஒரு காரியம் செய்தேன். போனை எடுத்து, நைனா என்று இருந்த பெயரை 'டாட்' என்று மாற்றினேன். கார் முதல் தடவையிலேயே புரிந்துகொண்டது. பிரச்சினை தீர்ந்தது என்று நானும் மறந்துவிட்டேன்.

கோடையில் நைனா வந்தார். எழுபத்தேழு வயது. சாம்பியன் ரீஃப் மைனில் ஷாஃப்ட் வாசலில் மணி கொடுக்கிற வேலையில் இருந்தவர். 2001 பிப்ரவரி 28ம் தேதி மைன் மூடியபோது அவர் வேலையும் முடிந்தது. முப்பது வருஷ டிரில் சத்தத்தில் இடது காது முக்கால்வாசி போய்விட்டதால் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் என் காரின் பெருமையைக் காட்டலாம் என்று பொத்தானை அழுத்தி, உள்ளே சூட்டைக் குறைக்கச் சொன்னேன். கார் ஏதோ ஒரு பாட்டைப் போட்டது. நைனா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"ஏன்பா, நீ சொன்னியே, அது திருப்பி மணி கொடுத்துச்சா?"

"இல்ல நைனா, அது தானா செஞ்சிடும்."

"திருப்பி மணி வராம எப்படிப்பா கேஜ் எடுப்பான்?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது. இனி கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

தங்கவயலில் பழங்காலத்திலேயே தங்கம் தோண்டியிருக்கிறார்கள். நவீனச் சுரங்கம் ஆரம்பித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில். லாவெல் என்ற பழைய பட்டாளத்துக்காரர் 1870களில் மைசூர் சமஸ்தானத்திடம் உரிமை வாங்கினார். பிறகு லண்டனிலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880ல் வந்தது. 1883ல் கேப்டன் பிளம்மர் சாம்பியன் ரீஃப் என்று பின்னால் பெயர் பெற்ற தங்கப் படிவத்தைக் கண்டுபிடித்தார். கேப்டன் என்றதும் கப்பல், பட்டாளம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துச் சுரங்கங்களில் மேற்பார்வையாளருக்கு அதுதான் பட்டம். தகரச் சுரங்கம் நொடித்து அங்கிருந்து வந்தவர்கள் நிறைய. இத்தாலிக்காரர்கள் வந்தார்கள். காவலுக்குப் பஞ்சாபிகள் வந்தார்கள். பாறையை உடைக்க வடாற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து எங்கள் ஆட்கள் வந்தார்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடர்கள். என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர். 1902ல் சிவனசமுத்திரத்திலிருந்து கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூருக்கே மின்சாரம் அப்புறம்தான்.

இத்தனை பேர் ஒரே குழிக்குள் இறங்கினால் எந்த மொழியில் பேசுவது? ஆங்கிலேயனுடைய காது எங்கள் ஊர்ப் பெயர்களைக் கேட்ட லட்சணத்தைச் சொல்கிறேன். உரிகம் என்று நாங்கள் சொல்லும் ஊரை கம்பெனி தன் பெயரில் 'ஊரெகம்' என்று ஒரு மாதிரி எழுதியது. ரயில்வே ஸ்டேஷன் பலகையிலோ 'ஊர்காம்' என்று வேறு மாதிரி. நந்திதுர்க்கம் 'நண்டிட்ரூக்' ஆனது. தூத்துக்குடி டூட்டிகோரின் ஆன கதைதான். இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்டது தப்பு என்று யாரும் திருத்தவில்லை. நாங்கள்தான் நண்டிட்ரூக் என்று சொல்லப் பழகிக்கொண்டோம். யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊரில் குரல் உணரும் கோளாறு கம்ப்யூட்டர் வருவதற்கு நூறு வருஷம் முன்பே ஆரம்பித்துவிட்டது.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் இந்தச் சமாளிப்பு நடக்காது. அதுதான் ஷாஃப்ட்.

ஷாஃப்ட் என்பது பூமிக்குள் இறங்கும் கிணறு மாதிரி. அதில் இரும்புக் கயிற்றில் கேஜ் தொங்கும். அதில்தான் ஆள் இறங்கணும், ஏறணும். அதை இயக்குகிறவர் வைண்டிங் டிரைவர். மேலே தனிக் கட்டடத்தில், பெரிய உருளைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். கீழே ஆயிரம் அடியிலோ ஐயாயிரம் அடியிலோ இருக்கும் கேஜ் அவர் கண்ணுக்குத் தெரியாது. கேஜ் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் முள் ஒன்று, காதில் விழும் மணி ஒன்று. இவ்வளவுதான் அவர் உலகம். சாம்பியன் ரீஃப் மைன் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஒரே ஷாஃப்ட்டில் அடிக்குப் போக முடியாது, நடுவில் இறங்கி மாறி மாறித்தான் போகணும். அந்த ஆழத்திலிருந்து "ஏய், தூக்குப்பா" என்று கத்தினால் யாருக்குக் கேட்கும்?

அதனால் கத்தவில்லை, தட்டினார்கள். கணக்கு ரொம்பச் சின்னது. கேஜ் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு தட்டு என்றால் மேலே தூக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது அதே ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறப்போகிறார்கள். சுரங்கங்களுக்கான 1961ம் வருஷத்து விதிமுறைகளிலும் இதே கணக்குதான். இதை எழுதி, மணி கொடுக்கும் இடத்திலும் வைண்டிங் டிரைவர் எதிரிலும் பலகையாக மாட்டி வைத்திருக்க வேண்டும்.

முக்கியமான விஷயம் மூன்றாவது கணக்கில் இருக்கிறது. கீழேயிருந்து மூன்று போனவுடன் ஆள் ஏறிவிடக் கூடாது. பதிலுக்கு மூன்று திரும்பி வரவேண்டும். 'நீ சொன்னது எனக்குக் கேட்டது, நான் கேஜை அசைக்க மாட்டேன், ஏறு' என்று அர்த்தம். வரவில்லை என்றால் காத்திரு. நைனா கேட்ட "திருப்பி மணி" இதுதான்.

கவனித்துப் பாருங்கள். இந்தக் கணக்கில் தமிழன் தட்டினாலும் மூன்றுதான், கார்ன்வால் கேப்டன் தட்டினாலும் மூன்றுதான். உச்சரிப்பு கிடையாது. ஜாதி கிடையாது. தொண்டை கட்டினாலும் பல் போனாலும் மூன்று மூன்றுதான். ரொம்ப அவசரமான உத்தரவுக்கு ரொம்பச் சின்ன சைகை: ஓடும்போது ஒரே தட்டு, நிறுத்து. பயத்தில் கை உதறினாலும் ஒரு தட்டாவது தட்டிவிடலாம் இல்லையா? இதை ஏதோ ஒரு புத்திசாலி உட்கார்ந்து ஒரே நாளில் எழுதியிருக்க முடியாது. பல நாட்டுச் சுரங்கங்களில் பல பேர் செத்துத்தான் இந்த மாதிரி விதிகள் வந்தன.

இப்போது என் காருக்கு வருகிறேன். வாயால் சொல்வதை இயந்திரம் புரிந்துகொள்ளும் ஆராய்ச்சியும் புதிது இல்லை. 1952ல் அமெரிக்காவில் பெல் ஆய்வகம் 'ஆட்ரி' என்று ஒரு இயந்திரம் செய்தது. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எண்களை மட்டும் புரிந்துகொள்ளும், அதுவும் பழகிய ஒருவர் குரலில், எண்ணுக்கு எண் இடைவெளி விட்டுச் சொன்னால். 1962ல் சியாட்டில் கண்காட்சியில் ஐபிஎம் காட்டிய 'ஷூபாக்ஸ்' பதினாறு வார்த்தைகளைக் கேட்டது. அதிலும் பத்து எண்கள்தான். (எழுபது வருஷம் கழித்தும் என் கார் நைனாவைக் கேட்டு நைன் என்கிறதே, பரம்பரைக் குணம் போல!)

அடுத்த பெரிய தாண்டலைத் தாண்டியவர் எங்கள் பக்கத்துக்காரர். ராஜ் ரெட்டி. பழைய சித்தூர் மாவட்டத்தில் காளஹஸ்தி பக்கம் காட்டூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். தங்கவயலுக்குக் கூலிக்கு ஆள் வந்த அதே சித்தூர். 1958ல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து முடித்து, ஆஸ்திரேலியா போய், பிறகு 1966ல் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் வாங்கினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவர் குழு செய்த 'ஹியர்சே' வாயால் சொன்ன சதுரங்க நகர்த்தலைப் புரிந்துகொண்டது. 1976ல் அங்கேயே வந்த 'ஹார்ப்பி'க்கு 1011 வார்த்தைகள் தெரியும். அவருடைய மாணவர் கை-ஃபூ லீ 1980களின் கடைசியில் செய்த 'ஸ்பிங்க்ஸ்', யார் பேசினாலும், நிறுத்தாமல் பேசினாலும் கேட்கும் வகை. 1994ல் ராஜ் ரெட்டிக்கு ட்யூரிங் விருது. எழுத்தறிவில்லாத ஏழைக்கும் கம்ப்யூட்டர் பயன்பட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் அக்கறை. கை நாட்டு வைக்கிறவனும் வாயால் சொல்லி வேலை வாங்கலாம் என்ற ஆசையில் எவ்வளவு நியாயம் இருக்கிறது! அதனால் இந்தத் தொழில்நுட்பத்தை வெறுமனே திட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

காருக்குள் இது பரவலாக வந்தது இந்த நூற்றாண்டில்தான். 2007ல் ஃபோர்டும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 'சிங்க்' கொண்டுவந்தபோது, சாதாரண விலைக் காரிலும் போனையும் பாட்டையும் வாயால் இயக்கலாம் என்று ஆனது. ஆரம்பத்தில் குறிப்பிட்ட கட்டளைகளைக் குறிப்பிட்ட மாதிரி சொல்ல வேண்டும். இப்போது நம் பேச்சு எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய், லட்சக்கணக்கான குரல் பதிவுகளில் பழகிய ஒரு நிரல் 'இவர் இதைத்தான் சொல்லியிருக்கக்கூடும்' என்று கணிக்கிறது. கேட்பது என்று நாம் சொல்கிறோம், உண்மையில் ஊகிப்பது. பழக்கிய பதிவுகளில் யார் குரல் அதிகமோ அவர்களை நன்றாக ஊகிக்கும்.

இது என் புலம்பல் மட்டும் இல்லை. 2020ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஐந்து பெரிய கம்பெனிகளின் குரல் உணரும் நிரல்களைச் சோதித்தார்கள். வெள்ளை அமெரிக்கர்கள் பேசியதில் சராசரியாக நூற்றுக்கு 19 வார்த்தைகள் தப்பு. கறுப்பின அமெரிக்கர்கள் பேசியதில் நூற்றுக்கு 35. பிறந்ததிலிருந்து ஆங்கிலமே பேசுகிறவர்களுக்கு இந்தக் கதி என்றால், தங்கவயல் லைன் வீட்டிலிருந்து வந்தவன் எம்மாத்திரம்?

கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க வேண்டாம் என்பதால் பாதுகாப்பு என்கிறார்கள். கை சும்மா இருக்கும், சரி. மனசு? 2015ல் ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும், மோசமான கருவிகளில், 27 வினாடி வரை ஓட்டுநரின் கவனம் முழுசாகத் திரும்பவில்லை என்று கண்டார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 வினாடி என்றால் 300 மீட்டர். நான் காரோடு சண்டை போட்ட அன்று எத்தனை முந்நூறு மீட்டர் போனேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஷாஃப்ட்டையும் காரையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் எனக்கு இப்படித் தெரிகிறது. ஷாஃப்ட்டில் சொல்கிறவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் புரிய வேண்டும் என்று முறையை அமைத்தார்கள். உயிர் போகிற இடத்தில் புரிந்ததா என்று திருப்பிக் கேட்டார்கள். என் கார் புரியாததையும் புரிந்த மாதிரி செய்துவிட்டு, தப்பானால் என்னைத் திரும்பச் சொல்லச் சொல்கிறது. மூன்றாவது தடவையில் நான் என் நாக்கை மாற்றுகிறேன். மாற வேண்டியது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்காக மைன் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. (தங்கம் எடுத்தார்கள், அவ்வளவுதான்.) மணிச் சத்தத்தைக் கேட்ட நிர்வாகத்துக்கு வாய்ச் சத்தம் கேட்டதா? 1930ல் கைரேகைப் பதிவு வேண்டாம் என்று ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைக்கு இறங்காமல் நிற்க வேண்டியிருந்தது. வாயால் சொன்னது எடுபடாமல், உடம்பால் சொல்ல வேண்டி வந்த வேலைநிறுத்தம் அது. ஆழத்தில் பாறை வெடித்து எத்தனையோ பேர் போனார்கள். அந்த வெடிப்பை ஆராய நில அதிர்வுக் கருவிகள் வைத்தார்கள், 1988ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தைத் தங்கவயலிலேயே ஆரம்பித்தார்கள். பாறை முனகுவதைக் கேட்கவே அவ்வளவு கருவி! மைன் மூடப்போகிறது என்றபோது ஊரே கத்தியதைக் கேட்கத்தான் ஒரு கருவியும் இல்லை. நூற்றிருபது வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் போன வழியிலேயே வேலையும் போனது. மிச்சம் இருப்பது சயனைடு மண்மேடும், விடிகாலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஜனமும். அந்த ரயிலில் போய்ப் படித்துத்தான் நானும் இங்கே வந்து பொட்டி தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நைனா ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாரோ என்று சந்தேகம், சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வந்தார். இருங்கள், அடித்துப் பார்க்கிறேன் என்று பொத்தானை அழுத்தி "கால் டாட்" என்றேன். அவர் பேன்ட் பையிலேயே மணி அடித்தது. சந்தோஷமாக எடுத்துப் பார்த்தார். அப்புறம் காரின் திரையைப் பார்த்தார். பெரிய எழுத்தில் டாட் என்று இருந்தது.

"இது யாருபா?"

"நீங்கதான் நைனா."

"நைனான்னு சொன்னா அதுக்கு வராதா?"

"வரல நைனா. அதான்..."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நண்டிட்ரூக் என்று முப்பது வருஷம் சொன்ன மனுஷன், என்ன சொல்வார்? நான்தான் பதற்றத்தில் காரணம் விளக்கிக்கொண்டே போனேன். முன்னால் விளக்கு சிவப்பானதை நான் கவனிக்கவில்லை. நைனா கவனித்தார். கத்தவில்லை. முன்னால் இருந்த டேஷ்போர்டில் விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. தெருவில் கேஜ் விளையாட்டு விளையாடிய வயசில் அவர் சொல்லிக்கொடுத்தது, உடம்பு மறக்கவில்லை போலிருக்கிறது.

"கேட்டுச்சா?" என்றார்.

கேட்டது. அன்று ராத்திரியே போனில் டாட்டை அழித்துவிட்டு மறுபடி நைனா என்று போட்டேன். கார் இன்னமும் நைன் என்கிறது, அடுத்த எண்ணைக் கேட்கிறது. சொல்வதில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு விரலால் அழுத்திக் கூப்பிடுகிறேன். அந்தப் பக்கம் எடுத்தவுடன் அவர் உரக்க "சொல்லுபா" என்பார். காது சரியாகக் கேட்காத மனுஷனுக்கு நான் சொல்வது எல்லாம் புரிந்துவிடுகிறது.